மகனை கிராமர் ஸ்கூலுக்கு அனுப்ப நினைக்கும் தங்கச்சிக்கு

இங்கிலாந்தில் கிராமர் ஸ்கூல் என்று மிஞ்சியிருப்பவை 163தான். 1998ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு புதிதாக ஒன்றைத் திறக்க வழியில்லை. சம்பளம் கட்டத் தேவையில்லாத அரசாங்கப் பள்ளிக்கூடங்கள். ஆனால் சோதனை எழுதித்தான் உள்ளே போகலாம். லண்டனில் எங்கள் ஆட்கள் ஒரு பிறந்தநாள் வீட்டில் கூடினால் பெடியன்களுக்காக அடிபடுகிற பெயர்கள் இன்னும் குறைவு. பார்னெட்டில் குயின் எலிசபெத்ஸ், கிங்ஸ்டனில் டிஃபின், சட்டன் பக்கம் வில்சன்ஸ், சட்டன் கிராமர், வாலிங்டன் கவுண்டி, ஓர்பிங்டனில் சென்ட் ஒலேவ்ஸ், கிழக்கே இல்ஃபோர்ட் கவுண்டி ஹை. இவ்வளவுக்குள்தான் அத்தனை போட்டியும்.

உன் மகன் இப்போது இயர் 4. யாரிடம் கேட்டாலும் உனக்கு முதலில் ஒரு டியூசன் சென்டரின் பெயரைத்தான் சொல்லுவார்கள். நான் சொல்வது வேறு. டியூசனுக்கு ஒரு சதம் கட்டமுன் நீ விரும்புகிற பள்ளிக்கூடத்தின் இணையத்தளத்துக்குப் போய், அந்த வருடத்துக்கான அனுமதி விதிகளைத் தரவிறக்கி, ஆறுதலாக இருந்து முழுவதையும் வாசி. ஏழெட்டுப் பக்கம் இருக்கும், சுவையாக இருக்காது. ஆனாலும் வாசி. மகன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அவனுக்கு இடம் கிடைக்குமா இல்லையா என்பதில் பாதி அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

இலங்கையில் நாங்கள் ஐந்தாம் வகுப்பில் எழுதிய புலமைப்பரிசில் சோதனையை மனதில் வைத்துக்கொண்டுதான் பெரும்பாலானோர் இலெவன் பிளஸ் என்ற இந்த நுழைவுச் சோதனையையும் பார்க்கிறோம். அங்கே நாடு முழுக்க ஒரே வினாத்தாள், மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி. இங்கே அப்படிப் பொதுவான சோதனை ஒன்று கிடையாது. பக்கிங்ஹாம்ஷயரில் 121 புள்ளி எடுத்தால் தகுதி. கென்ட் மாவட்டத்துக்குத் தனிச் சோதனை. பார்னெட் குயின் எலிசபெத்ஸுக்கு வீடு இந்தப் பகுதிக்குள் இருக்கவேண்டும் என்ற எல்லையே இல்லை. ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் எடுத்த புள்ளிகளை வைத்து வரிசைப்படுத்தி மேலிருந்து எடுப்பார்கள். அங்கே 192 இடங்களுக்கு மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெடியன்கள் எழுதுகிறார்கள். கிங்ஸ்டன் டிஃபினில் இரண்டு கட்டச் சோதனை, அதோடு குறிப்பிட்ட போஸ்ட்கோட்டுகளுக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. சட்டன் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பொதுவாக ஒரு முதற்கட்டச் சோதனை. அதில் தேறினால் வில்சன்ஸ் போன்றவற்றுக்கு இரண்டாம் கட்டமும் எழுதவேண்டும். பெயரை வைத்தும் ஏமாறாதே. வாட்ஃபோர்ட் ஆண்கள் பள்ளியின் பெயரில் கிராமர் இருக்கிறது. ஆனால் அவர்கள் ஒரு பகுதிப் பிள்ளைகளை மட்டுமே சோதனை மூலம் எடுக்கிறார்கள். மிச்சப் பேரை அண்ணன் தம்பி படிக்கிறார்களா, வீடு எவ்வளவு தூரம் என்று பார்த்து எடுக்கிறார்கள். வாட்ஃபோர்டுக்குக் கிட்ட ஹரோவில் இருக்கிற நீ இதைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

விதிகளில் மூன்று விஷயங்களைத் தேடி அடிக்கோடிடு. முதலாவது, தூரம் எப்படிக் கணக்கெடுக்கப்படுகிறது, எந்தத் திகதியில் நீ அந்த முகவரியில் இருக்கவேண்டும் என்பது. பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்து முகவரி மட்டும் காட்டினால் போதும் என்று யாரும் சொன்னால் கேட்காதே. கவுன்சில் வரி ரசீது தொடக்கம் எல்லாம் பார்ப்பார்கள். பிடிபட்டால் கொடுத்த இடத்தையே திரும்ப எடுப்பார்கள், பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய அவமானம். இரண்டாவது, பிறந்த மாதம். உன் மகன் ஆகஸ்ட்டில் பிறந்தவன். வகுப்பிலேயே சின்னவன் என்று நீ கவலைப்படுகிறாய். பெரும்பாலான சோதனைகளில் புள்ளிகள் வயதுக்கேற்பச் சரிசெய்யப்படுகின்றன; விதியில் அதைப் பார்த்துவிட்டு அந்தப் பயத்தை விடு.

மூன்றாவதுதான் எங்கள் ஆட்கள் அநேகமாகத் தவறவிடுவது. பல கிராமர் ஸ்கூல்கள், பியூப்பில் பிரீமியம் என்ற அரசாங்க மேலதிக நிதி கிடைக்கிற பிள்ளைகளுக்கு முன்னுரிமை தருகின்றன. சிலவற்றில் குறைந்த புள்ளியே போதும். வருமானம் குறைவென்ற அடிப்படையில் கடந்த 6 வருடங்களுக்குள் எப்போதாவது இலவச மதிய உணவுக்குப் பதிந்த பிள்ளைக்கு அந்தத் தகுதி உண்டு. சின்ன வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு இலவசம். லண்டனில் 2023 செப்டெம்பரிலிருந்து ஆரம்பப் பள்ளி முழுவதற்கும் இலவசம். அதனால் 'சாப்பாடுதான் எப்படியும் கிடைக்குதே, ஏன் படிவம் நிரப்ப வேணும்' என்று விட்டுவிடுகிறார்கள். வெட்கப்பட்டும் விடுகிறார்கள். அந்தப் படிவத்தை நிரப்பாவிட்டால் பிள்ளை பதிவில் வராது, முன்னுரிமையும் போய்விடும். மகனின் அப்பாவுக்கு வேலை இல்லாமல் இருந்த காலத்தில் நீ பதிந்தாயா என்று ஒருக்கால் பள்ளிக்கூட அலுவலகத்தில் கேட்டுப் பார். தெரிந்தவர்களுக்கும் சொல்லு. 2013இல் சட்டன் டிரஸ்ட் என்ற அமைப்பு வெளியிட்ட ஆய்வில், கிராமர் ஸ்கூல்களில் இலவச உணவுக்குத் தகுதியான பிள்ளைகள் 100க்கு 3 பேர்கூட இல்லை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கென்று திறந்து வைத்திருக்கிற கதவு, படிவம் நிரப்பாததால் மூடப்படக்கூடாது.

இனித் தயார்ப்படுத்தல். இயர் 5 தொடக்கத்திலிருந்து ஒரு வருடம் ஒழுங்காகச் செய்தால் போதும். இயர் 2இலேயே பிள்ளையை டியூசனுக்கு இழுத்துக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்துப் பதறாதே. ஆறு வயதில் தொடங்கிய பிள்ளை பத்து வயதில் பேப்பரைக் கண்டாலே முகத்தைத் திருப்புவதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்.

எங்கள் பெடியன்களுக்குக் கணிதம் பெரிதாகப் பிழைப்பதில்லை. பிழைப்பது ஆங்கிலத்தில். அதற்குக் காரணம் சொல்வளக் குறைவு என்று நினைத்துச் சொற்பட்டியல்களைப் பாடமாக்க விடுகிறோம். ஆனால் வாசித்து விளங்கும் பகுதியில் கேட்பது வேறு. இந்தப் பாத்திரம் ஏன் வாசலில் தயங்கி நின்றது, எழுத்தாளர் ஏன் மழையைச் சொன்னார் என்பதைப் போன்ற கேள்விகள். பட்டியல் பாடமாக்கியவன் அதில் தடுமாறுவான்; கதைப் புத்தகம் வாசித்தவன் தடுமாறமாட்டான். உள்ளூர் நூலகத்தில் வாரம் ஒரு கதைப் புத்தகம் எடு. அவன் வாசித்து முடித்ததும், நீ சமைத்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கதையைத் தமிழில் உனக்குச் சொல்லச் சொல்லு. தமிழில் சொல்லவேண்டும் என்றால் வசனங்களை அப்படியே ஒப்புவிக்க முடியாது, விளங்கியதைத்தான் சொல்லமுடியும். எங்கே விளங்கவில்லையோ அங்கே கதை நிற்கும், உனக்கும் தெரிந்துவிடும். இதற்காகத்தான் சொல்கிறேன், இயர் 5 வந்ததும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நிறுத்தாதே. மிருதங்க வகுப்பையும் நிறுத்தாதே. வாரத்தில் அந்த இரண்டு மணித்தியாலங்களால் எந்தப் பெடியனும் சோதனையில் தவறியதில்லை.

விடைத்தாள் விஷயம் சின்னது, ஆனால் இதில் விழுந்தவர்கள் நிறையப் பேர். பார்னெட்டிலும் சட்டன் முதற்கட்டத்திலும் விடைகளைக் கேள்வித்தாளில் எழுதுவதில்லை. தனியாக ஒரு தாள் தருவார்கள். அதில் வரிசை வரிசையாகச் சின்னப் பெட்டிகள். சரியான பெட்டியில் பென்சிலால் அடையாளம் போடவேண்டும், அதை இயந்திரம் வாசிக்கும். வீட்டில் கேள்வித்தாளிலேயே வட்டம் போட்டுப் பழகிய பெடியன் 17ஆம் கேள்வி கஷ்டம் என்று தாண்டி 18ஐச் செய்கிறான். விடையை 17இன் பெட்டியில் இடுகிறான். அங்கிருந்து எல்லாமே ஒரு படி தள்ளிப் போகும். நேரம் முடிகிற சமயத்தில் கண்டுபிடித்தால் அழித்துத் திருத்தக்கூட முடியாது. ஆகவே தொடக்கத்திலிருந்தே தனி விடைத்தாளில் பழக்கு. கேள்வியைத் தாண்டினால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மெல்லிய புள்ளி ஒன்று போடவும், ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் இரண்டு தாளிலும் எண் ஒன்றுதானா என்று பார்க்கவும் சொல்லிக்கொடு. பிழையான விடைக்குப் புள்ளி குறைக்காத சோதனை என்றால் கடைசி நிமிடத்தில் ஒரு பெட்டியையும் வெறுமையாக விடவேண்டாம் என்றும் சொல்லு. குறைப்பார்களா இல்லையா என்பதை முதலில் விதியில் பார்.

சோதனைக்கான பதிவு இயர் 5இன் சித்திரை, வைகாசி வாக்கில் திறந்து ஆடிக்குள் பெரும்பாலும் மூடிவிடும். சோதனை இயர் 6 தொடங்கியவுடன், செப்டெம்பரில். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் திகதி வேறு, ஒவ்வொன்றுக்கும் நீதான் தனித்தனியாகப் பதியவேண்டும். மகனின் ஆரம்பப் பள்ளி இதைச் செய்யாது. அவர்கள் இலெவன் பிளஸ்ஸுக்குப் படிப்பிக்கவும் மாட்டார்கள். நீ வழக்கமாக நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவள். அந்த ஆகஸ்ட்டில் மட்டும் தவிர், இல்லாவிட்டால் நடு ஆகஸ்ட்டில் திரும்பி வா. ஊரில் நின்றுவிட்டு மாதக் கடைசியில் விமானத்தால் இறங்கி, நித்திரை சரியில்லாமல், வயிறு சரியில்லாமல் சோதனை மண்டபத்துக்குப் பிள்ளையை அனுப்பாதே.

அன்றைக்குக் காய்ச்சல் என்றால் எழுத விடாதே. விடிய எழும்பியதும் பள்ளிக்கூடத்துக்கு அறிவித்து, வைத்தியரின் கடிதம் தேவையா, மாற்றுத் திகதி எப்போது என்று கேள். எழுதிய பிறகு 'அவனுக்குச் சுகமில்லை' என்று சொன்னால் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கண், காது, வாசிப்புச் சிரமம் ஏதாவது இருந்து மேலதிக நேரம் வேண்டுமென்றால் அதைப் பதியும்போதே சான்றோடு கேட்கவேண்டும்.

ஒக்டோபர் நடுவில் பெறுபேறு வரும். 'தகுதி பெற்றார்' என்று கடிதம் வந்தால் உடனே லட்டு வாங்கிக் கொடுக்காதே. தகுதி என்பதற்கு, அவன் பெயரை வரிசையில் வைத்துப் பார்ப்பார்கள் என்றுதான் அர்த்தம்; இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்குப் பிறகு நீ செய்யவேண்டிய முக்கியமான வேலை, உன் சொந்தக் கவுன்சில் மூலம் ஒக்டோபர் 31க்குள் பொது விண்ணப்பத்தை அனுப்புவது. பார்னெட் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பித்தாலும் ஹரோவில் இருக்கிற நீ ஹரோ கவுன்சிலுக்குத்தான் அனுப்பவேண்டும். லண்டனில் 6 பள்ளிக்கூடங்களை எழுதலாம். உண்மையில் எது முதல் விருப்பமோ அதை முதலில் எழுது. 'முதலாவதாகப் போடாவிட்டால் அவர்கள் எடுக்கமாட்டார்கள்' என்பது வெறும் கதை. நீ எத்தனையாவதாகப் போட்டாய் என்பது பள்ளிக்கூடத்துக்குத் தெரியவே தெரியாது. உனக்குத் தகுதியுள்ளவற்றில் நீ மேலே எழுதியதைக் கவுன்சில் தரும், அவ்வளவுதான். ஆனால் ஆறில் ஒன்றாவது சோதனை இல்லாத, உன் வீட்டுக்குக் கிட்டிய, இடம் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த பள்ளிக்கூடமாக இருக்கட்டும். ஆறும் கிராமர் என்று எழுதிவிட்டு ஒன்றும் கிடைக்காமல், யாருமே விரும்பாமல் இடம் மிஞ்சிக் கிடந்த பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் உண்டு.

இவ்வளவும் செய்யத்தான் வேண்டுமா, அந்தப் பள்ளிக்கூடங்கள் உண்மையில் அவ்வளவு திறமா என்று நீ கேட்பாய். பத்திரிகைகளில் வருகிற பட்டியல்களை வைத்து முடிவெடுக்காதே. அரசாங்கம் பாடசாலைப் பெறுபேறுகளை ஒப்பிட ஒரு இணையத்தளம் வைத்திருக்கிறது, அங்கே போ. அட்டெய்ன்மென்ட் 8 என்றொரு எண் இருக்கும். எட்டுப் பாடங்களின் ஜிசிஎஸ்இ புள்ளிகள். ஆங்கிலமும் கணிதமும் இருமடங்கு, அதனால் உச்சம் 90. நாட்டுச் சராசரி 46 அளவில் நிற்க, பேர்போன கிராமர்கள் அதைவிட எவ்வளவோ மேலே நிற்கும். பார்த்தவுடன் கண் பூக்கும். ஆனால் பத்து வயதிலேயே மிகக் கெட்டிக்காரரைப் பொறுக்கி எடுத்த இடத்தில் பதினாறு வயதில் பெறுபேறு நல்லாக வருவது ஆச்சரியமில்லை. பள்ளிக்கூடம் என்ன சேர்த்தது என்று பார்க்க புரோக்ரஸ் 8 என்ற எண் இருக்கிறது. இயர் 6இல் ஒரே மட்டத்தில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டு எவ்வளவு முன்னேறினார்கள் என்று அது சொல்லும். கொவிட் காலத்தில் இயர் 6 சோதனைகள் நடக்காததால் 2025க்கும் 2026க்கும் அந்த எண் வெளியிடப்படவில்லை. முந்தைய வருடங்களுக்கானது இருக்கிறது, பார்.

பிள்ளைகளின் முன்னைய திறமையையும் வீட்டு நிலைமையையும் கணக்கிலெடுத்த பிறகு கிராமரால் பெறுபேற்றில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2016இல் எஜுகேஷன் பாலிசி இன்ஸ்டிடியூட்டும், 2018இல் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சொன்னார்கள். இதை வாசித்த பிறகும் எனக்கு கிராமரில் மதிப்பு இருக்கிறது. படிக்கிற பெடியனைக் கேலி செய்யாத வகுப்பு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செஸ்ஸும் இயற்பியலும் கதைக்கிற கூட்டாளிகள், விவாத மேடை, இசைக்குழு. கூச்சமுள்ள, படிப்பில் ஆசையுள்ள பிள்ளைக்கு அது பெரிய நன்மை. கிராமரில் படித்தால்தான் டொக்டர் ஆகலாம் என்று மட்டும் நினைக்காதே. பக்கத்துத் தெருவில், சோதனை இல்லாமல் எடுக்கிற காம்ப்ரிஹென்சிவில் மேல் செட்டில் இருக்கிற பிள்ளையும் அதே ஜிசிஎஸ்இ, அதே ஏ லெவல்தான் எழுதுகிறான்.

திறந்த நாளுக்குப் போனால் கட்டிடத்தைப் பார்த்து வாய் பிளக்காமல் இரண்டு கேள்வி கேள். இங்கே இயர் 11 முடிக்கிற பெடியன் ஏ லெவலுக்குத் தொடர எந்த கிரேட் வேண்டும்? இயர் 12இலிருந்து 13க்குப் போக நிபந்தனை ஏதும் உண்டா? காரணத்தோடுதான் சொல்கிறேன். 2017இல் சென்ட் ஒலேவ்ஸ், இயர் 12இல் எதிர்பார்த்த கிரேட் எடுக்காத மாணவர்களை 13க்கு விடாமல் வெளியே அனுப்பியது. பெற்றோர் சட்ட நடவடிக்கை எடுத்த பிறகுதான் அந்தக் கொள்கையைக் கைவிட்டது. தலைமையாசிரியரும் அந்த வருடமே பதவி விலகினார். நல்ல பெறுபேறு எப்படி வருகிறது என்று பெற்றோர் கேட்பது மரியாதைக் குறைவில்லை.

இன்னொன்று, வேலைநாள் காலை ஏழு மணிக்கு மகனையும் கூட்டிக்கொண்டு வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கூட வாசல்வரை பஸ்ஸிலும் ரயிலிலும் ஒருக்கால் போய்ப் பார். ஒரு வழிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் என்றால், மார்கழி மாத இருட்டில் பதினொரு வயதுப் பிள்ளை தனியப் போய் வருவதை நினைத்துப் பார்த்து முடிவெடு. என்னைக் கேட்டால், அவ்வளவு தூரத்துப் பள்ளிக்கூடத்தைப் படிவத்தில் எழுதவே மாட்டேன்.

உள்ளே போன பிறகு ஒன்றுக்குத் தயாராக இரு. இவ்வளவு நாளும் வகுப்பில் முதல் வந்த மகன் அங்கே தொண்ணூறாவதாக வருவான். எல்லாரும் எங்கேயோ முதல் வந்தவர்கள்தானே. முதல் தவணையில் 'எத்தனையாவது வந்தாய்' என்று கேட்காதே; 'இன்றைக்கு யாரோடு இருந்து சாப்பிட்டாய்' என்று கேள். மகன் இரவில் நித்திரை கொள்ளவில்லை, வீட்டுப்பாடத்தை ஒளிக்கிறான் என்றால் மாதக்கணக்கில் பொறுக்காமல் ஃபார்ம் டியூட்டரோடு கதை. டியூசனைக் குறைத்துவிடு. அங்கே போன பிறகும் கிழமைக்கு நாலு நாள் டியூசன் தேவைப்பட்டால் அந்த இடம் அவனுக்குப் பொருந்தவில்லை என்றுதான் நான் நினைப்பேன்.

கிடைக்காவிட்டால்? மார்ச் 1ஆம் திகதி முடிவு வரும் நாளில், என்ன வந்திருந்தாலும் அவனுக்குப் பிடித்த சாப்பாடு செய். வந்த இடத்தை ஏற்றுக்கொள், கூடவே காத்திருப்புப் பட்டியலிலும் பெயரை வை. இரண்டும் ஒன்றாகச் செய்யலாம், ஏற்றுக்கொண்டதால் காத்திருக்கும் இடம் போகாது. சுயாதீனக் குழுவிடம் மேன்முறையீடும் செய்யலாம், ஆனால் புள்ளி குறைந்திருந்தால் ஆரம்பப் பள்ளியின் எழுத்துமூலச் சான்று வலுவாக வேண்டும். அழுது முறையிட்டு வேலையில்லை. இயர் 12இல் கதவு இன்னொரு முறை திறக்கும். பல கிராமர்கள் ஜிசிஎஸ்இ பெறுபேற்றைப் பார்த்து வெளிப்பிள்ளைகளை எடுக்கின்றன. டிஃபினில் அந்த வகுப்புகளுக்குப் பெண் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள். உன் மூத்தவளிடம் இதைச் சொல்லி வை.

விண்ணப்பம் மூடுவது ஒக்டோபர் 31. கடைசி இரவில் ஏற்றலாம் என்று இருக்காதே. ஒரு கிழமைக்கு முன் அனுப்பி, கிடைத்தது என்று வருகிற மின்னஞ்சலைப் பத்திரப்படுத்தி வை. பிந்தி வரும் படிவத்தை, நேரத்துக்கு வந்த எல்லாருக்கும் இடம் கொடுத்த பிறகுதான் எடுத்துப் பார்ப்பார்கள்.